ஒரு நாளைக்கு ஒரு தெரு

(குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்திலேயே நம் ஒருங்கிணைப்பாளர் கேட்டுக்கொண்டார். "சார், நீங்க வெளிநாட்டுல படிச்சவர். அந்த அனுபவத்தை நம்ம ஆசிரியர்களுக்கு ஒரு நாள் சொல்லுங்க" என்றார். வழக்கமாக யாராவது இப்படிக் கேட்டால், பனியில் வழுக்கி விழுந்த கதையைச் சொல்வேன். ரசத்துக்குப் புளி தேடி அலைந்த கதையைச் சொல்வேன். எல்லோரும் சிரிப்போம். அதற்குள் தேநீர் வந்துவிடும். இன்றைக்கு அத்தோடு நிறுத்தப் போவதில்லை. அந்த ஊரில் நான் படித்த ஒரு பாடத்தை, ஆசிரியரான பிறகு நானே மறந்துபோனேன். அந்தக் கதையையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன்.

2006ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதுகலை படிக்க ஜெர்மனியின் தலைநகர் பெர்லினுக்குப் போனேன். அப்போது எனக்கு வயது 23. இளங்கலையில் புவியியல் படித்திருந்தேன். கல்வி உதவித்தொகை கிடைத்ததால் போக முடிந்தது. அதற்குமுன் நான் பார்த்த பெரிய ஊர் சென்னைதான்.

போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் காலையில் பசி. கையில் பணம் இருந்தது, நகர வரைபடமும் இருந்தது. விடுதியை விட்டு வெளியே வந்தால் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகளை மூடிவிட வேண்டும் என்பது சட்டம். பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள் இருக்கும். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் சுற்றினேன். புவியியலில் பட்டம் வாங்கியவன், கையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டே வழி தவறினேன். கடைசியில் அறைக்குத் திரும்பி அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கைத் தின்று அன்றைய பொழுதை ஓட்டினேன்.

அடுத்த வாரம் இன்னொன்று நடந்தது. ஓர் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டே நிற்கிறேன். திறக்கவில்லை. பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பினால், பின்னால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு குழந்தை, ஐந்து வயதுதான் இருக்கும், வந்து கைப்பிடியை இழுத்தது. கதவு திறந்துகொண்டது. 'இழு' என்று கதவில் பெரிதாக எழுதித்தான் இருந்தது. எழுத்துகளை எனக்கு வாசிக்கத் தெரியும். பொருள்தான் தெரியாது. உங்களைப் போலவே பட்டம் படித்தவன் நான். ஆனால் அந்த ஊரில் அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரியாதவன்.

அப்படிப்பட்ட ஊரில் நான் முதலில் கற்றுக்கொண்டது சொற்களை அல்ல. நிறங்களையும் எண்களையும்தான். அங்கே நிலத்தடி ரயில் தடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு நிறம். ஒன்றாம் எண் தடம் பச்சை, ஐந்தாம் எண் பழுப்பு, எட்டாம் எண் அடர்நீலம். நிலையத்தின் பெயரை உச்சரிக்க வராது. ஆனால் 'நீலத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம்' என்று மனம் கணக்குப் போட்டுவிடும்.

இன்னொரு ரயிலும் எனக்குத் துணையாக வந்தது. நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் வட்ட ரயில். 37 கிலோமீட்டர், 27 நிலையங்கள், முழுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம். எஸ் 41 என்ற வண்டி கடிகாரம் சுற்றும் திசையில் போகும். எஸ் 42 எதிர்த்திசையில் வரும். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் ஏறிய நிலையத்துக்கே வந்துவிடலாம். வழி தவறுமோ என்ற பயம் இல்லாமல் ஊரைப் பார்க்க அதைவிட நல்ல வண்டி வேறில்லை. மாணவர்களுக்குப் பருவக் கட்டணத்திலேயே ஆறு மாதப் பயணச்சீட்டும் சேர்ந்திருந்தது. அதனால் முதல் மாதம் வகுப்பு முடிந்ததும் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். வகுப்பைவிட அது வசதி. யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வகுப்பில் என் நிலைமை என்ன தெரியுமா? பாதி விரிவுரைகள் ஜெர்மன் மொழியில் நடந்தன. கலந்துரையாடலில் பக்கத்தில் இருப்பவர்கள் வேகமாகப் பேசுவார்கள். எனக்கு விஷயம் தெரிந்திருக்கும். மனத்துக்குள் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். ஒரு மாதம் இப்படி ஆனதும் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டேன். ஊரில் வகுப்பில் முதல் மாணவனாக இருந்தவன், அங்கே கடைசி வரிசையில் சுவரோரம் உட்காரத் தொடங்கினேன். 'பாவம், இவனுக்கு ஒன்றும் புரியவில்லை' என்று மற்றவர்கள் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அந்தப் பார்வை எப்படிச் சுடும் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

நவம்பரில் ஒரு நாள் நகரின் தென்பகுதியில் ஓர் இலங்கைத் தமிழரின் மளிகைக்கடையைக் கண்டேன். உள்ளே கறிவேப்பிலை வாசம். ஐம்பது வயதுக்காரர் கல்லாவில் இருந்தார். என் கையில் கசங்கிப்போயிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, உதை மடிச்சு உள்ளுக்கை வையும். இவ்வளவு பெரிய ஊரை ஒரே தரத்தில பிடிக்கேலாது. ஒரு நாளைக்கு ஒரு தெரு நடவும். அந்தத் தெருவில ஒரு ஆளோட கதையும். ஒரு புதுச் சொல்லுப் பழகும். அது காணும்."

அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அவர் அந்த ஊரைக் கற்றுக்கொண்டதும் அப்படித்தானாம். 1984இல் வந்தவர். அப்போது பெர்லின் இரண்டாகப் பிரிந்திருந்தது. இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் பலர் கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்டு விமான நிலையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து ஃபிரீட்ரிஷ் தெரு ரயில் நிலையத்துக்கு வந்து மேற்கு பெர்லினுக்குள் போவார்கள். மேற்குத் தரப்பு அந்தக் கோட்டை நாட்டின் எல்லையாக ஏற்கவில்லை. அதனால் மேற்குப் பக்கத்தில் குடிவரவுச் சோதனை வைக்கவில்லை. அந்த நிலையத்தின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தவர் அண்ணை. முதலில் வேலை செய்ய அனுமதி கிடையாது. நடப்பதற்கு மட்டும் யாரும் தடை சொல்லவில்லை. நடந்தார். தெருத்தெருவாக மொழியைப் பழகினார். நான் தினமும் வண்டி மாறும் நிலையத்துக்கு இப்படி ஒரு கதை இருப்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து நானும் ஒரு நாளைக்கு ஒரு தெரு நடந்தேன். வரைபடத்தை அறையிலேயே விட்டுவிட்டுப் போவேன். திரும்பி வந்து நானே ஒரு நோட்டில் அந்தத் தெருவை வரைவேன். எங்கே ரொட்டிக்கடை, எங்கே மரம், எங்கே பள்ளிக்கூடம், அன்றைக்குக் கற்ற புதுச்சொல் என்ன என்று குறித்துவைப்பேன்.

ஒரு நாள் பெர்னவர் தெரு. அங்கே ஒருபக்க வீடுகள் கிழக்கு பெர்லினைச் சேர்ந்தவை. அந்த வீடுகளின் வாசலை ஒட்டிய நடைபாதையோ மேற்கு பெர்லின். 1961 ஆகஸ்ட் 13 அன்று எல்லையை அடைத்த பிறகு வாசற்கதவுகளையும் அடைத்தார்கள். மக்கள் மாடி ஜன்னல்கள் வழியே கீழே குதித்தார்கள். சிலர் உயிரிழந்தார்கள். பெர்லின் சுவர் மேற்கு பெர்லினைச் சுற்றி 155 கிலோமீட்டர் நீளம் இருந்தது, 1989 நவம்பர் 9 அன்று திறந்தது என்றெல்லாம் நான் தேர்வில் எழுதியவன்தான். ஆனால் ஒரு வீட்டின் வாசற்படி ஒரு நாட்டிலும் நடைபாதை இன்னொரு நாட்டிலும் இருந்தன என்பது அந்தத் தெருவில் நின்றபோதுதான் உறைத்தது. நகரின் நடுப்பகுதியில் சுவர் இருந்த கோட்டைத் தரையில் இரட்டை வரிசைக் கற்களால் காட்டியிருக்கிறார்கள். கார்களும் குழந்தைகளும் அதன்மேல் போய்வந்துகொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு நாள் க்ராய்ஸ்பெர்க் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் தரையோடு தரையாகப் பித்தளைத் தகடு ஒன்று மின்னியது. பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர்தான் இருக்கும். குனிந்து படித்தேன். முதல் வரி, 'இங்கே வாழ்ந்தார்.' அதன்கீழே ஒரு பெண்ணின் பெயர், பிறந்த ஆண்டு, அவரை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போன நாள், கொல்லப்பட்ட முகாமின் பெயர். நாஜி ஆட்சியில் உயிரிழந்தவர்களுக்காக குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் பதித்துவரும் நினைவுக்கற்கள் அவை. பெர்லினில் முதன்முதலில் 1996இல் பதித்தார். அகராதி பார்க்காமல், யாரையும் கேட்காமல், ஜெர்மன் மொழியில் நான் வாசித்துப் பொருள் உணர்ந்த முதல் வரி அதுதான். பாடநூலில் படித்த எந்த வாக்கியமும் அப்படி எனக்குள் போகவில்லை.

டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்தது. 52 டிகிரி வடக்கு அட்சக்கோட்டில் குளிர்காலப் பகல் குறுகும் என்று நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! மூன்றரை மணிக்கே தெருவிளக்கு எரிவதைப் பார்த்து, 'பேருந்து போய்விட்டதோ, இரவாகிவிட்டதே' என்று நான் பதறி ஓடிய அன்றுதான் அந்தப் பாடம் முடிந்தது.

தெருவில் ஆசிரியர்களும் கிடைத்தார்கள். ஒரு மாலை சிக்னலில் சிவப்பு விளக்கு. இரண்டு பக்கமும் ஒரு வண்டியும் இல்லை. நான் கடந்துவிட்டேன். எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. பக்கத்தில் நின்ற பள்ளிக் குழந்தைகளைக் கையால் காட்டினார். 'அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்பதுதான் அவர் சொன்னது. இன்றைக்கும் நம் பள்ளிக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது அந்தப் பாட்டியின் குரல் எனக்குக் கேட்கும்.

முதல் பருவத்தின் முடிவில் ஒவ்வொரு மாணவரும் நகரின் ஒரு பகுதியைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். என் முறை வந்தது. பேச்சுக்குப் பதில் என் நோட்டைத் திறந்து வைத்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட தெருக்கள், என் கையால் வரைந்தவை. பேராசிரியர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்த ஊரிலேயே பிறந்த இரண்டு மாணவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் ஒரு தெருவைக் காட்டி, "இந்தத் தெருவில் நான் போனதே இல்லை" என்றான். அவனுக்கு அந்தத் தெருவை விளக்கத் தொடங்கினேன். தப்பும் தவறுமான ஜெர்மன்தான். ஆனால் நிறுத்தாமல் பேசினேன். அன்றிலிருந்து அந்த வகுப்பில் நான் ஒரு மாணவன்.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்தேன். பி.எட். படித்தேன். 2012இல் தகுதித் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்று, திருப்பூரில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன்.

இனி என் தவறைச் சொல்கிறேன்.

2018 ஜூனில் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில் வேலை. கடைசி வரிசையில், சுவரோரமாக உட்காருவான். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பான். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். பலகையில் எழுதியதைப் பார்த்து எழுத்தைப் படம்போல வரைவான். இரண்டு மாதத்தில் நான் அவனிடம் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டேன். அவனைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலாண்டுத் தேர்வு போனது. "அவனுக்கு ஒண்ணும் புரியலைங்க. எத்தனை நாள் இருப்பானோ?" என்று ஆசிரியர் அறையில் சொன்னவன் நான்தான். வேறு யாரும் இல்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி அந்தப் பையன், அவன் அம்மா, இடுப்பில் ஒரு தங்கை. நகரப் பேருந்துகள் வரிசையாக வருகின்றன. அவன் எண்ணைப் பார்க்கிறான், வண்டியின் நிறத்தைப் பார்க்கிறான், 'இது இல்லை' என்று அம்மாவுக்குக் கை காட்டுகிறான். அவர்கள் ஊர்க்காரர்கள்போல இருந்த இரண்டு பேர் அவனிடம் வந்து ஏதோ கேட்டார்கள். எதிரே நின்ற வண்டியைக் காட்டினான். அவர்கள் ஏறிப் போனார்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொருவர். அவருக்கும் வழி சொன்னான். பதினொரு வயதுப் பையன் அங்கே ஒரு தகவல் மையமே நடத்திக்கொண்டிருந்தான்.

எனக்கு அடுத்த வண்டியில் ஏறத் தோன்றவில்லை. பச்சை ஒன்று, பழுப்பு ஐந்து, நீலம் எட்டு என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்த ஒருவன் என் கண்முன் வந்து நின்றான். சுவரோரம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நம் பள்ளியில் வேறு எந்த ஆசிரியரையும்விட எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தும் ஆறு மாதம் அவனை அங்கேயே உட்கார வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டேன். வாரத்தில் ஒரு பாடவேளை, வகுப்போடு பள்ளியைச் சுற்றியுள்ள ஒரு தெருவில் நடப்பது. இரண்டு ஆசிரியர்கள் உடன் வருவது. வந்ததும் நினைவிலிருந்து அந்தத் தெருவை வரைவது. செலவு ஒன்றும் இல்லை. ஒரு பக்கத் தாள், பென்சில், அவ்வளவுதான். தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் தமிழில் பெயர் எழுதலாம். தெரியாதவர்கள் தங்களுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதலாம், படம் போடலாம். ஒவ்வொரு நடையிலும் ஒரு புதுச்சொல். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல் உண்டு. அதை ஒடியாவில் அவன் சொல்லித் தருவான்.

முதல் வாரம் அவன் வரைந்த படத்தை வகுப்பே சூழ்ந்து நின்று பார்த்தது. நாங்கள் நடந்தது ஒரு தெருதான். அவன் அதிலிருந்து பிரியும் சந்துகளையும், தண்ணீர்க் குழாயையும், கம்பெனி வாசலையும், நாய் படுக்கும் இடத்தையும் வரைந்திருந்தான். அந்தத் தெருவிலேயே பிறந்த பிள்ளைகள், "ஏய், இந்தச் சந்து எங்க போகுது?" என்று அவனைக் கேட்டார்கள். அவன் பதில் சொன்னான். பாதித் தமிழ், பாதி இந்தி, மீதி கை.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள குமரன் நினைவகத்துக்குப் போனோம். 1932 ஜனவரியில் கொடியைக் கைவிடாமல் அடிபட்டு உயிர்நீத்த திருப்பூர் குமரனைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவன் கை தூக்கினான். அதுவரை என் வகுப்பில் அவன் கை தூக்கியதே இல்லை.

"எங்க ஊர்லயும் ஒரு சிலை இருக்கு சார்" என்றான்.

முழுத் தமிழ் வாக்கியம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனே கட்டியது. அது யாருடைய சிலை என்று கேட்டோம். பெயர் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டுவந்து மறுநாள் வகுப்புக்குச் சொன்னான்.

இதற்குமேல் பெரிய வெற்றிக் கதை எதுவும் என்னிடம் இல்லை. அந்த ஆண்டுத் தேர்வில் அவன் முதலிடம் வாங்கவில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்கு வந்தான். கணக்கில் நன்றாகவே செய்தான். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டதாகப் பக்கத்தில் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அவன் வரைந்த தாள்கள் என் அலமாரியில் இருக்கின்றன. ஓர் ஆண்டுதான் அவன் நம் பள்ளியில் இருந்தான். அதில் பாதியை நான் வீணாக்கிவிட்டேன். அதை அவனுக்குத் திருப்பித் தர என்னால் இனி முடியாது.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வகுப்பிலும் சுவரோரம் ஒரு பிள்ளை இருக்கலாம். வேறு மாநிலத்துப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மலைக்கிராமத்திலிருந்து விடுதிக்கு வந்த பிள்ளையாக இருக்கலாம். தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டும் முன், அதற்குத் தெரிந்தது எது என்று ஒரு நாள் வகுப்புக்கு வெளியே பாருங்கள். எந்தப் பேருந்தில் வருகிறது, எந்தக் கடையில் சாமான் வாங்குகிறது, எந்த வழியாகத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று பாருங்கள். அதிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். எத்தனை நாள் இருப்பானோ என்று நான் கேட்டேன். அதை நான் வேறு மாதிரி நினைத்திருக்க வேண்டும். கொஞ்ச நாள்தான் இருப்பான் என்றால், முதல் வாரமே தொடங்கியிருக்க வேண்டும்.

அண்ணையின் கடையில் கடைசியாக விடைபெற்றபோது என் நோட்டை அவரிடம் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, தன் கடை இருக்கும் தெருவில் வந்து நின்றார். "என்ர கடையைக் கீறேல்லையே தம்பி?" என்றார். உண்மைதான், விட்டுப்போயிருந்தது. அங்கேயே நின்று பேனா வாங்கி வரைந்து கொடுத்தேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது.

நம் வகுப்பின் வரைபடத்தில் யாருடைய இடம் விட்டுப்போயிருக்கிறது என்று இந்த வாரம் ஒருமுறை பார்ப்போம்.